விபிஎன் போட்டால் போதுமா? கடையநல்லூரிலிருந்து சில அனுபவங்கள்



கடையநல்லூரில் விபிஎன் என்ற சொல்லை யாரும் கணினி வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. அது துபாயிலிருந்து வந்தது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு எங்கள் ஊரில் குறைவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், அழைத்துப் பேச முடியாது. அரசு அனுமதித்த செயலிகளில்தான் பேச வேண்டும். அதனால் வேலைக்குப் போன பிள்ளைகள் விபிஎன் போட்டு வீட்டுக்குப் பேசினார்கள். "விபிஎன் போட்டுட்டு வாரேன்னு சொன்னான், இன்னும் காணோம்" என்று படிக்காத தாய்மார்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நாட்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். மகனுடைய முகத்தைப் பார்க்க ஒரு தாய் காத்திருப்பதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சட்டம் நிற்கிறது என்பது எங்கள் ஊருக்குப் பழகிப்போன செய்தி.

ஆனால் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் விபிஎன் பற்றிக் கேட்கத் தொடங்கியது வேறு காரணத்துக்காக. 2025 பிப்ரவரி 15 அன்று மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அமெரிக்க அதிபருக்கு அருகில் பிரதமர் கைவிலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டதற்காக முழுத் தளமும் முடக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் ஒரு கல்லூரித் தம்பி தன் போனை நீட்டி, "அண்ணே, எனக்குத் திறக்குது. இவனுக்குத் திறக்கல. என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். அவனுடைய போனில் துபாயில் இருக்கும் அண்ணன் போட்டுக்கொடுத்த விபிஎன் இருந்தது.

அன்றிலிருந்து சில ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இதற்கென்றே உட்கார்ந்தோம். பழைய ஆண்ட்ராய்டு போன்கள், ஒரே ஒரு ஐபோன், அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள், அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுவான ஒரு போன் என்று விதவிதமாக வந்தன. அவற்றில் விபிஎன் போட்டுக் கொடுத்ததைவிட, அது எதைச் செய்யாது என்று பேசியதுதான் அதிகம். அந்தப் பேச்சின் சுருக்கம் இது.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். ஊரில் தபால்காரர் எப்படி இருந்தார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பல ஊர்களில் அவர் சேரிக்குள் வரமாட்டார். நம் கடிதங்கள் ஊர்த்தெருவில் யாராவது ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வரும். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது, யாருக்கு மணியார்டர் வந்தது என்பது நமக்குத் தெரியும் முன் ஊருக்குத் தெரியும். உறைக்குள் இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும் உறையின் மேல் எழுதியிருப்பதே போதும். இன்று நம் போனுக்கு இணையம் தரும் நிறுவனம் அந்தத் தபால்காரர் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் பூட்டுச் சின்னம் இருப்பதால் உள்ளே நாம் என்ன படித்தோம், என்ன எழுதினோம் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனோம், எப்போது, எவ்வளவு நேரம் என்பது தெரியும். அரசு ஒரு தளத்தை முடக்கச் சொன்னால், அந்த முகவரிக்குப் போகும் உறையை அது நிறுத்திவிடும்.

விபிஎன் என்ன செய்கிறது? நம் கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு, மதுரையில் இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்புகிறது. தபால்காரருக்குத் தெரிவது மதுரை முகவரி மட்டும். நண்பர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறார். பெறுபவருக்கும் அது மதுரையிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். அவ்வளவுதான் விபிஎன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தபால்காரருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது மதுரை நண்பருக்குத் தெரியும். கண்காணிப்பு ஒழிந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. ஆகவே முதல் கேள்வி, அந்த நண்பர் யார்?

இலவசம் என்று வரும் செயலிகளில் பலவற்றின் யோக்கியதை உலகுக்கே தெரியும். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டுக்கான 283 விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 38 விழுக்காட்டில் தீங்கு நிரல்களின் தடயம் இருந்தது. 18 விழுக்காடு செயலிகள் தரவை மறைகுறியாக்கவே இல்லை. அதாவது உறை என்று சொல்லி அஞ்சலட்டையைத்தான் அனுப்பின. ஃபேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கி, பாதுகாப்பு என்ற பெயரில் விபிஎன் கொடுத்து, மக்கள் எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்தது. 2018இல் ஆப்பிள் விதிகளைக் காட்டியதும் அந்தச் செயலி அதன் கடையிலிருந்து வெளியேறியது. 2020இல் "நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை" என்று விளம்பரம் செய்த ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு விபிஎன் சேவைகளின் பயனர் பதிவுகள் இணையத்தில் திறந்து கிடந்தன. பதிவே வைக்காதவர்களிடமிருந்து பதிவு எப்படிக் கசியும்?

இன்னொரு பக்கம் அரசு. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐ.பி. முகவரி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது வரை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் ஆகியவை அதற்கு உடன்படாமல் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதனால் ஒரு விபிஎன்னைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் நான்கு கேள்விகள் கேட்கிறோம். எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது? அதன் மூல நிரல் பொதுவில் இருக்கிறதா? வெளியார் யாராவது தணிக்கை செய்திருக்கிறார்களா? காசு எங்கிருந்து வருகிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் போட வேண்டாம். நம் மாணவர்களிடம் மாதம் பணம் கட்ட வசதியில்லை என்பது எங்களுக்குத் தெரியும். காசு கட்டுவோரின் பணத்தில் இலவசப் பிரிவையும் நடத்தும் புரோட்டான், சியாட்டில் செயற்பாட்டாளர் கூட்டமைப்பு ஒன்று நன்கொடையில் நடத்தும் ரைஸ்அப் போன்றவை இருக்கின்றன. ரைஸ்அப் விபிஎன்னுக்குக் கணக்குத் தொடங்க வேண்டியதுகூட இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் நம்ப வேண்டாம். 2021இல் பிரான்ஸ் நாட்டுச் சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியை, சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் உத்தரவின் பேரில் புரோட்டான் தன் மின்னஞ்சல் சேவையிலிருந்து கொடுக்க நேர்ந்தது. நல்ல நண்பரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

இனி சாதனங்களுக்கு வருவோம்.

ஆண்ட்ராய்டு போனில் செயலியை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் போய்த்தான் இறக்க வேண்டும். கடையில் தேடினால் அதே பெயரில் நான்கு போலிகள் வரும். செயலியைத் திறந்ததும் விபிஎன் இணைப்பு அமைக்க அனுமதி கேட்கும், கொடுங்கள். தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்தி, கேமரா என்று கேட்டால் அழித்துவிடுங்கள். ஒரு விபிஎன்னுக்கு அவை எதற்கு? பிறகு போனின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், விபிஎன் என்ற இடத்தில் செயலியின் பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தொடுங்கள். 'எப்போதும் இயங்கும் விபிஎன்', 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' என்று இரண்டு இருக்கும். ஆண்ட்ராய்டு 8 முதல் இரண்டும் உண்டு. இரண்டையும் போடாவிட்டால், பேருந்தில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது விபிஎன் அறுந்து, போன் சத்தமில்லாமல் பழைய வழிக்கே போய்விடும். நம் கைகளில் இருக்கும் மலிவு விலை போன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடும் செயலிகளை அவை கொன்றுவிடும். பேட்டரி அமைப்பில் இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள்.

ஐபோனில் செயலி அனுமதி கேட்கும்போது போனின் கடவு எண்ணைக் கொடுத்தால் அமைந்துவிடும். ஆனால் ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் சில விபிஎன்னுக்கு வெளியே தொடரக்கூடும். விபிஎன்னைப் போட்ட பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். முழு உத்தரவாதம் இல்லை.

மடிக்கணினிக்கு வந்தால், விண்டோஸில் நிறுவனத்தின் செயலியைப் போட்டு, அதற்குள் இருக்கும் 'கில் ஸ்விட்ச்' என்பதை இயக்க வேண்டும். விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் பொத்தான் அது. விண்டோஸ் இழுத்துக்கொண்டு ஓடும் பழைய இலவச மடிக்கணினியில் லினக்ஸ் போடச் சொல்கிறோம். வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கருவுக்குள்ளேயே இருக்கிறது. சேவை தரும் அமைப்புக் கோப்பை இறக்கி, நெட்வொர்க் பகுதியில் சேர்த்தால் போதும், பழைய இயந்திரத்துக்கும் பாரமாக இருக்காது. லினக்ஸ் என்றதும் பயப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வோம். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குச் சுதந்திர மென்பொருளைக் கொண்டுவரப் போராடியவர், எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அவர் நம்மவர்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் மடிக்கணினியை இணைக்கிறார்கள். போனில் விபிஎன் ஓடினால் மடிக்கணினிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் பொதுவாக அப்படி இல்லை. ஹாட்ஸ்பாட் வழியாக வருவது விபிஎன்னுக்கு வெளியே போகும். மடிக்கணினியில் தனியாகப் போட வேண்டும். போட்ட பிறகு, ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தை, விபிஎன் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாவிச் சின்னம் தெரிந்தாலும் வேலை நடக்கவில்லை என்று பொருள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் வங்கிச் செயலியைத் திறக்கும்போதும் விபிஎன்னை நிறுத்துங்கள். வெளிநாட்டு முகவரி என்றால் சில அரசுத் தளங்களும் வங்கிகளும் கதவைச் சாத்திவிடும். கடைசித் தேதி அன்று இதைக் கண்டுபிடிக்கும் நிலை வேண்டாம்.

இதுவரை சொன்னதைச் செய்து முடித்ததும் ஒரு தம்பி மகிழ்ச்சியோடு கேட்டான், "இனிமே நம்மள யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்லாண்ணே?"

முடியும் தம்பி. நீ உன் சொந்தக் கூகுள் கணக்கில், உன் சொந்த எண்ணில் எடுத்த ஃபேஸ்புக்கில் இருக்கிறாய். முகமூடி போட்டுக்கொண்டு அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டது போல அது. விபிஎன் வழியை மறைக்கும், ஆளை மறைக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றை எங்களுக்குப் புரியவைத்தவர் ஒரு தங்கை. அவர் வேறு சாதியைச் சேர்ந்தவர். நம் தெருப் பையன் ஒருவனை விரும்பினார். எங்கே போனாலும் அவருடைய அண்ணனுக்குத் தெரிந்துவிடுகிறது, போனை ஒட்டுக் கேட்கிறார்கள், விபிஎன் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். எங்களோடு இருந்த ஒரு தோழர் போனை வாங்கிப் பார்த்தார். யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. போனை வாங்கிக் கொடுத்ததே அந்த அண்ணன்தான். கூகுள் கணக்கைத் தொடங்கியவரும் அவர், கடவுச்சொல்லும் அவரிடம். மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தங்கைக்குத் தெரியாத ஒரு கணினி இருந்தது. இதில் எந்த ஒன்றையும் உலகத்தின் விலை உயர்ந்த விபிஎன்கூடத் தடுத்திருக்காது. இருப்பிடத்தைச் சொல்வது போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். விபிஎன் ஸ்வீடனில் இருப்பதாகக் காட்டும், ஜி.பி.எஸ். கடையநல்லூர் பேருந்து நிலையத்தைக் காட்டும்.

அன்று அந்தப் போனில் எதையும் மாற்ற வேண்டாம் என்றுதான் அந்தத் தோழர் சொன்னார். பகிர்வு திடீரென நின்றால் அடுத்த அரை மணி நேரத்தில் வீட்டில் கேள்வி வரும். முதலில் பத்திரமான இடம், வழக்கறிஞர், கூட நிற்க ஆள். பிறகுதான் போன். அதுவும் புதிய எண்ணில், புதிய கணக்கில், வேறு போன். சாதி ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில், போனைத் திருத்துவதில்கூட எதை முதலில் செய்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம்மைக் கண்காணிப்பவர் என்றதும் டெல்லியையும் வாஷிங்டனையும் நினைக்கிறோம். நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் ஒற்றன் உள்ளூர்க்காரன், சில சமயம் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவன்.

அரசு தரப்புக் கண்காணிப்பும் விபிஎன்னோடு முடிவதில்லை. பீமா கோரேகான் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரோனா வில்சனுக்கு 2016 ஜூன் 13 அன்று, தெரிந்தவர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. அவர் அதைத் திறந்ததும் நெட்வயர் என்ற வேவு நிரல் கணினிக்குள் நுழைந்ததாகவும், அதன் வழியாகவே ஆவணங்கள் புதைக்கப்பட்டதாகவும் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் ஆய்வகம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி ஆகியோரின் கணினிகளிலும் அதுவே நடந்ததாகப் பின்வந்த அறிக்கைகள் கூறின. அரசுத் தரப்பு இதை ஏற்கவில்லை. ஸ்டேன் சுவாமி தன் கணினி பற்றிய அறிக்கையைப் பார்க்கவே இல்லை. 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார், அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. சுரங்கப் பாதை எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், நாமே கதவைத் திறந்து உள்ளே விட்ட கோப்பை அது தடுக்காது. ஆகவே எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எதிர்பாராத கோப்பு வந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும், திறக்கும் முன் ஒரு போன் போட்டு "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்பது. இதற்குச் செலவு இல்லை.

விபிஎன் தோற்கும் இன்னொரு இடம் எங்களுக்கு நேரடியாகத் தெரியும். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்க உள்துறை உத்தரவிட்டது, மே 27 வரை. தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்தான். அன்று கடையநல்லூரும் நெல்லை மாவட்டம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி எழுப்பிய பிறகு நெல்லைக்கும் குமரிக்கும் தடை முன்னதாகவே விலக்கப்பட்டது. அந்த நாட்களில் போனில் விபிஎன் வைத்திருந்தவர்களும் வைக்காதவர்களும் ஒன்றுதான். சாலையே இல்லாதபோது எந்த வண்டி ஓடும்? அதற்கும் ஒரு மாதத்துக்கு முன், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று வட மாநிலங்களில் தலித்துகள் தெருவுக்கு வந்தபோது, பஞ்சாபில் முந்தைய நாள் மாலையே மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். நாம் கூடுவோம் என்று தெரிந்தாலே இணையத்தை நிறுத்தும் அரசுகள் இவை.

அப்படிப்பட்ட நாளில் உதவுவது முன்கூட்டியே செய்த வேலைதான். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வைத்திருப்பது. சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் இணையம் இல்லாமல் போகும் என்பதை நினைவில் வைத்திருப்பது. வழக்கறிஞருக்கும் உண்மையறியும் குழுவுக்கும் யார் நேரில் போவது என்று பேசி வைப்பது. முடக்கம் முடிந்த பிறகு உத்தரவின் நகலைக் கேட்பது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

"விபிஎன் போடுவது குற்றமா?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். இந்தியா முழுமைக்கும் விபிஎன்னைத் தடை செய்யும் சட்டம் இல்லை. வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் ஜம்மு காஷ்மீரில் 2020 பிப்ரவரியில், விபிஎன் வழியாகச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியவர்கள் மீது ஊபா சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தார்கள். ஒரே செயலி பெங்களூரு அலுவலகத்தில் பாதுகாப்பு, காஷ்மீரியின் கையில் பயங்கரவாதம். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் குரலை மாற்றும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆகவே விபிஎன் போட்டுக்கொண்டு சட்டம் தொட முடியாத ஆள் போல எழுதாதீர்கள். அதே நேரம் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். விடுதியில் மாலையில் போனைப் பறித்துவைத்ததை எதிர்த்து ஃபஹீமா ஷிரின் தொடர்ந்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்விக்கான உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொன்னது. அந்த வழக்கைத் தொடர்ந்தவர் ஒரு கல்லூரி மாணவி.

மறைப்பதைப் பற்றியே பேசினால் இன்னொரு கடமை மறந்துபோகும். பாதுகாத்து வைப்பது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியச் சாட்சியமாக நின்றது. சாட்சிகள் பிறழலாம், பதிவு பிறழாது. சாதி சொல்லித் திட்டும் பதிவையோ காணொளியையோ பார்த்தால், உடனே புகார் பொத்தானை அழுத்தி நீக்க வைக்காதீர்கள். முதலில் முழு இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி எடுத்து வையுங்கள். இணையத்தில் செய்யும் சாதி இழிவுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் கூறியிருக்கிறது. நீங்களே எடுத்த காணொளி என்றால் மூலக் கோப்பை எடுத்த போனிலேயே விடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, விவரங்கள் போய்விடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்பார்கள். அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

எங்கள் மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. அதன் பிறகு அந்தச் சின்ன ஊருக்கு அமைச்சர்கள், கட்சித் தலைவர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் வந்தார்கள். யார் பணம் கொடுத்தது, யார் தூண்டியது என்று கேட்டார்கள். அதுவரை நூறு வருடம் அங்கே நடந்த கொடுமையைப் பற்றிக் கேட்க அப்படி யாரும் வந்ததில்லை. அன்று போனும் இல்லை, இணையமும் இல்லை. நாம் நிமிரும்போதுதான் கண்காணிப்பு வருகிறது. குனிந்து இருக்கும்வரை நம்மை யாரும் பார்ப்பதுகூட இல்லை.

இதைச் சொல்வது மறைந்து வாழச் சொல்வதற்காக இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பாக வைத்தார், 'பறையன்'. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். பெயரை மறைத்து எழுதிய மரபு அல்ல நம்முடையது. ஆனால் எதை, எப்போது, யாரிடம் வெளிப்படுத்துவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். புகார் கொடுத்த குடும்பத்தின் முகவரி, சாட்சியின் போன் எண், வீட்டை விட்டு வெளியேறிய பெண் தங்கியிருக்கும் இடம், இவற்றைக் காப்பது கோழைத்தனம் இல்லை. அது நம்மை நம்பி வந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய வேலை.

வருபவர்களுக்கு இப்போது நாங்கள் ஒரு வரிசை சொல்கிறோம். முதலில் போனுக்கு வலுவான பூட்டு, கைரேகை மட்டும் போதாது. அடுத்து உங்கள் கணக்குகளில் தெரியாத சாதனம் எதுவும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் பார்த்ததும் நீக்காமல், நீக்கினால் என்ன நடக்கும் என்று யோசிப்பது. பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, மென்பொருள் புதுப்பிப்பு. முக்கியமான பேச்சுக்கு சிக்னல் செயலி, மறையும் செய்திகளோடு. விபிஎன் ஐந்தாவதாக வருகிறது. தளம் முடக்கப்பட்டிருந்தால், விடுதியின் அல்லது ரயில் நிலையத்தின் பொது வைஃபையில் இருந்தால், எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பதை இணைப்பு தருபவர் அறியக் கூடாது என்றால், போடுங்கள்.

அந்தத் தங்கை இப்போது வேறு ஊரில் இருக்கிறார். எந்த ஊர் என்று எங்களில் இருவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் கேட்பதில்லை.

ஜெய்பீம்.